பதினோரு பக்கப் புத்தகமும் ஓர் ஆட்டுத்தலையும்

குவானிஷின் முன்பற்கள் இரண்டும் போனது ஏழாம் நம்பர் சுரங்கத்தின் ஷிஃப்ட் கூடத்தில், முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. புது வேலையில் சேர்ந்து அது ஒன்பதாம் வாரம். பெஞ்சின் மேல் ஏறி நின்று, கையிலிருந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்து, "நல்ல இடத்துல வேலை வேணும்னா ஃபோர்மேன் வீட்டுக்கு ஆடு ஓட்டிட்டுப் போகணும்ங்கிற பழக்கம் இன்னியோட முடிஞ்சுது" என்று படித்தான். முன்வரிசையில் இருந்த ஃபோர்மேன் ஒருவன் எழுந்தான், ஹெல்மெட்டைக் கழற்றினான், அதன் விளிம்பாலேயே குவானிஷின் வாயில் அடித்தான். குவானிஷ் பெஞ்சிலிருந்து விழுந்தான். எழுந்தான். ரத்தத்தைத் துப்பினான். இரண்டு பல்லையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விட்ட வரியிலிருந்து படித்தான். பல் போனதால் பேச்சு சீறியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் அங்கே இருந்தேன். அந்த ஃபோர்மேனின் கையை முதுகுக்குப் பின்னால் திருகி வெளியே தள்ளிக்கொண்டு போனது நான்தான். அப்போது எனக்கு அறுபத்து நான்கு வயது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை நிற்காது. என் பெயர் சேய்த்காலி; இளையவர்கள் மரியாதையாகச் சேக்கே என்பார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்று சொல்வாரும் உண்டு. பாறைக்கு வெடி வைக்கும் வேலையில் இருபத்து மூன்று வருஷம். சோவியத் போனபின் சம்பளமும் போனது. எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது நான் ஓர் ஓட்டை லாரியை வாங்கி என் கையாலேயே பழுதுபார்த்தேன். தொண்ணூற்றெட்டு மார்ச்சில் எனக்கு முதல் பெரிய வேலை கிடைத்தது: ஏழாம் நம்பருக்கு அவசரமாகப் பதினொரு லோடு சிமெண்ட். பனிப்புயலில் மூன்று நாள் தூங்காமல் ஓட்டினேன். வேறு எவனும் வண்டியைக் கிளப்பத் துணியவில்லை. அந்தப் பதினொரு லோடில் தொடங்கியதுதான் இன்றைக்கு என் மகன்கள் ஓட்டும் பதினான்கு லாரி. பல்காஷ் ஏரிக்கு வடக்கே இருக்கும் இந்தச் செம்பு ஊரில், ஒருவனுக்கும் கைகட்டி நிற்காமல் மேலே வந்தவன் யார் என்று கேட்டால் என் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் இது குவானிஷின் கதை.

அவன் சுரங்க மீட்புப் படையில் இருந்தவன். நசுங்கியவர்களையும் எரிந்தவர்களையும் தோளில் போட்டு மேலே கொண்டுவருவது வேலை. ஓய்வு நேரத்தில் தபால் வழியில் சட்டம் படித்தான். முப்பத்தைந்து வயதுவரை அவனை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. சுரங்கக் கம்பெனி அப்போது பெரிதாகிவிட்டது: முப்பதாயிரம் பேர், ஐந்து ஊர். வெளிநாட்டு வங்கிக்காரர்கள் கடன் தருவதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். கம்பெனிக்குள் ஒரு நெறிப் பிரிவு வேண்டும். சட்டத்தை மீறுகிறவன் டைரக்டராகவே இருந்தாலும் அவனைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும். அதற்குச் சாதுவான உள்ளூர்க்காரன் ஒருவனைத் தேடினார்கள். அடிபட்டாலும் திருப்பி அடிக்காதவன் என்று பெயர் வாங்கியிருந்த குவானிஷைப் பிடித்தார்கள்.

லண்டனிலிருந்து நூற்று நாற்பது பக்க விதிப்புத்தகம் ஒன்றை மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்கள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"சேக்கே, இதைப் படிச்சுப் பாருங்க."

நான் இரண்டு பக்கம் படித்தேன். "தம்பி, இதை எழுதினவன் குதிரையையும் பார்த்ததில்ல, திருடனையும் பார்த்ததில்ல."

"அப்ப உங்களுக்குப் புரியற மாதிரி எழுதணும். உங்களுக்குப் புரிஞ்சா சுரங்கக் கூண்டுல இறங்கற எவனுக்கும் புரியும்."

இதை வேறு எவனாவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு. மூன்று வாரம் என் அடுப்படியில் உட்கார்ந்து எழுதினான். நூற்று நாற்பது பக்கம் பதினோரு பக்கம் ஆனது. அதில் பாதி என் மூளை. கேட்டால் அவனே ஒத்துக்கொள்வான். முதல் விதி: கம்பெனி வேலையாக இருக்கும் இடத்தில், கம்பெனி ஆட்களோடு சாப்பிட உட்கார்ந்த இடத்திலும்கூட, யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. இரண்டாவது: புகார் சொன்னவனைப் பழிவாங்கினால் வேலை போகும். மூன்றாவது: விருந்து சாப்பிடலாம், ஆனால் பதிவேட்டில் எழுத வேண்டும், தோளில் போர்த்தும் அங்கியும் வாசலில் கட்டும் குதிரையும் வாங்கக் கூடாது. நான்காவதற்கு நான் சண்டை போட்டேன்: தன் சொந்தக்காரன் சம்பந்தப்பட்ட புகாரை எவனும் விசாரிக்கக் கூடாது.

"இந்த ஊர்ல ஏழு தலைமுறை எண்ணினா எல்லாரும் சொந்தம்டா. அப்புறம் யாருதான் விசாரிக்கறது, ஓநாயா?"

"ஓநாய்க்கும் சொந்தக்காரன் இருப்பான் சேக்கே. ஆனா விதி விதிதான்."

அது போக ஒரு விசாரணைக் குழு அமைத்தான். தெற்கே பெருநகரமான அல்மாத்தியிலிருந்து இரண்டு பேர், ஊர் சார்பில் ஒரு மூத்தவர். அந்த மூத்தவர் நான்தான். கையெழுத்துப் போடும் முன் கேட்டான்: "கம்பெனியோட உங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதாவது உண்டா?"

"நாலு வருஷமா என் லாரி கோதுமைதான் ஏத்துது."

"அதுக்கு முன்னாடி?"

"பழைய லோடையெல்லாம் எவன் ஞாபகம் வெச்சிருக்கான்? கொடு பேனாவை."

புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் வைத்தான். அல்மாத்தியில் ஒரு பெண் எடுப்பாள், பெயர் கேட்க மாட்டாள். முதல் மாதம் நாற்பது அழைப்பு. அந்த மாதமே எண் எழுதியிருந்த பலகைகளை எல்லாம் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். குவானிஷ் புதுப் பலகை வைத்தான். அவன் நாயைக் கொன்று வாசல் கதவில் தொங்கவிட்டார்கள். இறக்கிப் புதைத்துவிட்டு வேலைக்குப் போனான். கணக்குப் பிரிவின் டீசல் திருட்டைக் காட்டிக்கொடுத்த லேத் மெஷின்காரனை நான்கு பேர் சேர்ந்து இரும்புக் குழாயால் அடித்து விலா உடைத்தார்கள். நான்கு பேரையும் குவானிஷ் வேலையை விட்டு நீக்கினான். அன்று சாயங்காலமே அவன் கார் கண்ணாடியும் அவன் மூக்கும் சேர்ந்து உடைந்தன.

"ஒரு தடவை திருப்பி அடிடா" என்றேன். "ஒரே தடவை. மீதியை நான் பார்த்துக்கறேன்."

"முதல் விதி சேக்கே."

"விதி எழுதினவனே வாங்கிட்டு நிக்கிறானேன்னு ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும். அடிச்சவன் ஒவ்வொருத்தனும் வேலையில இல்லங்கறதையும் எண்ணிட்டுச் சிரிக்கட்டும்."

அவனுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வலி இருந்தது. அது ஊருக்கே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவன் அப்பா ஒராஸ். ஏழாம் நம்பரில் வேலை பார்த்தவர். தொண்ணூற்றெட்டு மார்ச்சில் ஒருநாள் வீடு திரும்பவில்லை, அவரோடு இன்னும் இரண்டு பேர். மூவரும் வேலையை விட்டு ரஷ்யாவுக்குப் போய்விட்டார்கள் என்று அப்போதைய சுரங்கத் தலைவன் சபிர் எழுதிக் கையெழுத்திட்ட காகிதம் வீட்டுக்கு வந்தது. ஒராஸின் மனைவி அந்தக் காகிதத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "காகிதத்துல உயிரோட இருக்கார்னா இருக்கார்தான்" என்றாள். கறுப்புத் துணி கட்டவில்லை. ஜனாஸாத் தொழுகை இல்லை, ஏழாம் நாள் சோறு இல்லை. மகனுக்கும் ஒரு கட்டளை போட்டாள்: விருந்தில் ஆட்டுத்தலையைத் தொடக் கூடாது.

தகப்பன் உயிரோடு இருக்கும் மகன் முன்னால் எங்கள் ஊரில் தலையை வைக்க மாட்டார்கள்; அவன் அதைத் தொடவும் மாட்டான். தொட்டால் தகப்பனைக் குழியில் இறக்கியதற்குச் சமம். பன்னிரண்டு வருஷம், எத்தனை கல்யாணம், எத்தனை பெருநாள்! ஊரில் பாதிப்பேர் ஒராஸ் செத்துவிட்டார் என்று மனதுக்குள் நினைத்தார்கள். இருந்தும் ஒரு வீட்டில்கூட ஒருவரும் குவானிஷ் பக்கம் தட்டைத் திருப்பியதில்லை. அவன் அம்மாவின் பெட்டிக்கு ஊர் கொடுத்த மரியாதை அது.

இரண்டாயிரத்துப் பத்து பிப்ரவரியில் அந்த அழைப்பு வந்தது. பேசியவள் பெயரை மறைக்கவில்லை. ஏழாம் நம்பர் விளக்கறையில் முப்பது வருஷம் வேலை பார்த்த நகிமா.

கீழே இறங்குகிறவன் ஒவ்வொருவனுக்கும் ஒரே எண் போட்ட பித்தளை வில்லை இரண்டு. ஒன்றை விளக்கறையில் கொடுத்து விளக்கை வாங்குவான், மற்றது கழுத்தில். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையைத் திரும்ப வாங்குவான். "பன்னெண்டு வருஷமா மூணு வில்லை எங்கிட்டயே இருக்கு" என்றாள் நகிமா. "நூத்திப் பதினெட்டு, இருநூத்தி நாலு, முந்நூத்திப் பதினொண்ணு. ரஷ்யாவுக்குப் போறவன் தலையில விளக்கோடயா ரயில் ஏறுவான்? அவங்க மேல வரவே இல்ல."

இருநூற்று நான்கு ஒராஸின் எண்.

அழைப்பை எழுதி அல்மாத்தியிலிருந்து அனுப்பிய காகிதத்தைக் குவானிஷ் என் எதிரில் இரண்டு முறை படித்தான். அவன் அப்பா எங்கே என்ற கேள்விக்குப் பதில் மேஜைமேல் கிடக்கிறது. சாவியெல்லாம் அவனிடம் இருக்கிறது. எந்த அறையையும் அவன் திறக்கச் சொல்லலாம். அவன் காகிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினான்.

"இது என்னடா?"

"நாலாவது விதி. நான் விசாரிக்கக் கூடாது. குழுவுல நீங்கதான் ஊர்க்காரர். நீங்க விசாரிங்க."

"பைத்தியமா உனக்கு? உங்கப்பன்டா!"

"அதனாலதான் சேக்கே. நான் கண்டுபிடிச்சா, மகன் கிளப்பின பொய்னு சபிர் ஒரே வார்த்தையில மூடிடுவான்." கதவுவரை போய்த் திரும்பிச் சொன்னான்: "ஆனா மூடிடாதீங்க. அம்மாவுக்கு எழுபத்தொண்ணு. அவ சாகறதுக்குள்ள ஒரு குழி வேணும், பக்கத்துல நின்னு அழறதுக்கு."

சபிர் இப்போது கம்பெனியின் டைரக்டர். நான் நகிமாவைப் பார்க்கப் போன மறுநாளே, பட்டப்பகலில், முகமூடி போட்ட இரண்டு பேர் விளக்கறைக்குள் புகுந்து அவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக் கம்பியால் அடித்தார்கள். "வில்லை எங்கே, கெழவி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். இடக்கை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் என்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னாள்: "என் பேரனோட தொட்டிலுக்கு அடியில தெச்சு வெச்சிருக்கேன். போய் எடுத்துக்க. மெதுவா எடு, புள்ள தூங்குவான்."

வில்லை கிடைத்தது. ஆனால் வில்லை மட்டும் போதுமா? மூன்று பேர் விளக்கைத் திருடிக்கொண்டு ஓடினார்கள் என்று சபிர் சொல்லிவிட்டால்? கீழே நூற்றுப்பத்து கிலோமீட்டர் சுரங்கப் பாதை, எங்கே தோண்டுவது? வரைபடங்களில் அந்த மாதத்துத் தாள் இல்லை.

அப்போதுதான் சபிர் எங்களை விருந்துக்கு அழைத்தான். அடுத்த வாரம் வங்கிக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் குவானிஷோடு ராசியாகிவிட்டதாக நாலு பேர் பார்க்க வேண்டும். பகல் சாப்பாடு, ஆடு அடிக்கிறோம், மறுக்கக் கூடாது என்றான். விருந்தை மறுப்பது எங்கள் ஊரில் முகத்தில் துப்புவது. குவானிஷ் பதிவேட்டில் எழுதினான்: "மதிய உணவு, ஆட்டிறைச்சி, இரண்டு பேர்."

"எத்தனை துண்டுன்னு எழுதலையா?" என்று கேட்டேன்.

"திரும்பி வந்து எழுதுவேன். நீங்க எவ்வளவு சாப்பிடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சபிரின் வீட்டில் பன்னிரண்டு பேர். அவன் மருமகன்கள் இருவர், தோள் அகலமானவர்கள். மூலையில் பழைய அளவைக்காரன் வித்தாலி, சுரங்கப் பாதைகளை அளந்து படம் போடுகிறவன், வோட்கா முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். சபிர் எழுந்து குவானிஷின் தோளில் பட்டு அங்கி ஒன்றைப் போர்த்தினான். குவானிஷ் எழுந்து, கழற்றி, மடித்து, பக்கத்தில் வைத்தான். "மூணாவது விதி, மன்னிச்சுக்கங்க." எல்லோரும் சிரித்தார்கள், சபிரும் சிரித்தான், ஆனால் கழுத்து சிவந்துவிட்டது. இந்தப் பொடியனை எப்படியாவது குளிரவைக்க வேண்டுமே என்ற அவசரம் அவனுக்கு. இறைச்சித் தட்டு வந்தது. வயதில் மூத்த விருந்தாளி நான். முறைப்படி தலை எனக்கு வர வேண்டும். சபிர் தட்டை என்னைத் தாண்டிக் கொண்டுபோய், ஆட்டின் மூக்கு குவானிஷைப் பார்க்கும்படி வைத்தான்.

"எடு. இன்னிக்கு நீதான் பெரிய விருந்தாளி."

வாய்க்குப் போன கைகளெல்லாம் நின்றன. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி கெண்டியை நிமிர்த்தினாள்.

குவானிஷ் தட்டைத் தொடவில்லை. "சபிர் ஐயா, எங்கப்பா இருக்காரே."

"விடுப்பா, இன்னும் எத்தனை வருஷம் இதையே சொல்லிட்டு... அந்த மனுஷன் போய்..." அத்தோடு நிறுத்தினான்.

"போய்?"

"போயிட்டாருன்னு சொல்ல வந்தேன். ரஷ்யாவுக்கு."

"ரஷ்யாவுக்குப் போனவர் மகன் முன்னாடி யாரும் தலையை வெக்கறதில்லையே. உயிரோட போனார்னு கையெழுத்துப் போட்டது நீங்க. தலையை வெக்கறதும் நீங்க. இந்த ஊர்ல பன்னெண்டு வருஷத்துல ஒருத்தரும் வெக்கல." அவன் குரல் உயரவே இல்லை. "உங்க கைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

மூலையிலிருந்து ஒரு சத்தம். வித்தாலி அழுதுகொண்டிருந்தான், வாந்தி எடுப்பவன்போல. "சொல்லித் தொலைச்சிடு சபிர். என்னால முடியல."

சபிர் பாட்டிலை எடுத்து வித்தாலியின் நெற்றியில் அடித்தான். பாட்டில் உடைந்தது. மருமகன்கள் குவானிஷ் மேல் விழுந்தார்கள். ஒருவன் தலைமுடியைப் பிடித்துக்கொள்ள மற்றவன் முழங்காலால் முகத்தில் இடித்தான். தேநீர்க் கிண்ணங்கள் காலடியில் நொறுங்கின. குவானிஷ் கைகளால் தலையை மூடிக்கொண்டான், அவ்வளவுதான். திருப்பி ஒரு விரல் நீட்டவில்லை. ரத்தத்துக்கு நடுவில் வித்தாலி என்னைப் பார்த்துக் கத்தினான்:

"மூணாவது மட்டம், கெழக்குப் பாதை! பாறை சரிஞ்சு மாட்டிக்கிட்டாங்க. உசுரோட இருந்தாங்க, குழாயில தட்டிட்டே இருந்தாங்க. அந்த வாரம் சுரங்கத்தை வாங்க வெளிநாட்டுக்காரன் வர்றான், விபத்துன்னு தெரிஞ்சா வாங்க மாட்டான்னு இவன் கான்கிரீட் ஊத்தச் சொன்னான். ஊத்தினோம். ரெண்டு நாள் தட்டினாங்க, சேய்த்காலி! உன் லாரி சிமெண்ட்தான் அது, பதினொரு லோடு!"

என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்தது ஒன்றுதான். சபிரின் தாடையில் அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவனை எழுப்பி இன்னொரு முறை அடித்தேன். மருமகன்களில் ஒருவன் குறுக்கே வந்தான். அவன் கையை உடைத்தேன். அடுத்தவன் வாசலைத் தேடினான். குவானிஷ் ஒழுகும் மூக்கோடு என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான். "போதும் சேக்கே, போதும், முதல் விதி, முதல் விதி" என்று என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தான்.

சுவரை உடைக்க நான்கு நாள் ஆனது. அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். குவானிஷ் கீழே வரவில்லை, விதி. விளக்கறையில், இரண்டு கையிலும் கட்டுப்போட்ட நகிமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் இறங்கினேன். என்னைத் தடுக்க எவனுக்கும் தைரியமில்லை. கான்கிரீட் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் கனம். நல்ல சிமெண்ட். நான் ஏற்றியதெல்லாம் நல்ல சரக்குதான்.

அந்தப் பக்கம் மூன்று பேர் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கை எலும்புக்குள் ஒரு திருகுசாவி. குழாயில் பள்ளம் பள்ளமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு. திருகுசாவி வைத்திருந்தவர் கழுத்தில் இருந்த வில்லையைத் துடைத்தேன். இருநூற்று நான்கு.

மேலே வந்து அதைக் குவானிஷின் உள்ளங்கையில் வைத்தேன். நகிமா பன்னிரண்டு வருஷம் வைத்திருந்த மற்றதும் அங்கே வந்து சேர்ந்தது. "என் லாரிடா" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்கறது எனக்குத் தெரியும்" என்றான். பிறகு, "ஆனா பழைய லோடு உண்டான்னு கேட்டேன்ல. அதையும் எழுதிக் கொடுத்துடுங்க" என்றான்.

சபிருக்குப் பதினான்கு வருஷம் கிடைத்தது. தாடையைக் கம்பியால் கட்டிக்கொண்டு நீதிமன்றத்தில் நின்றான். வித்தாலிக்கு ஆறு. வங்கிக்காரர்கள் ஓடிப்போகவில்லை, பதினோரு பக்கப் புத்தகத்தை மற்ற நான்கு ஊருக்கும் அச்சடிக்கச் சொன்னார்கள்.

அதெல்லாம் பிற்பாடு; சுவரை உடைத்த மறுவாரமே எனக்கு ஒரு காகிதம் வந்தது. புகார் எண் நூற்று நாற்பத்தேழு: குழு உறுப்பினர் சேய்த்காலி, கம்பெனி ஆட்களோடு சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இரண்டு பேரை அடித்தார், பழைய சிமெண்ட் வேலையைச் சொல்லாமல் மறைத்தார். புகார் கொடுத்தவர்: குவானிஷ். குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். அவன் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினேன். அவன் அம்மா வெளியே வந்து, "உள்ள வந்து கத்து, டீ ஆறுது" என்றாள். கறுப்புத் துணி கட்டியிருந்தாள். அன்றே மேல்முறையீடு எழுதிப் போட்டேன்.

ஒராஸை மண்ணுக்குக் கொடுத்த ஏழாம் நாள் அவர்கள் வீட்டில் சோறு. ஊர் முழுக்க வந்தது; பல்லை உடைத்த ஃபோர்மேன்கூட வாசலருகில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மூத்தவன் நான் என்று ஆட்டுத்தலையை என் முன்னால் வைத்தார்கள். நான் தட்டைத் திருப்பினேன், மூக்கு குவானிஷைப் பார்க்கும்படி. அவன் அம்மா முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

அவன் கத்தியை எடுத்தான். பன்னிரண்டு வருஷம் தொடாத கை. எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. "வலது கன்னம்" என்றேன் மெதுவாக. வெட்டிய முதல் துண்டை என் கையில் வைத்தான். புதுப்பல் கட்டிய வாயைத் திறந்தான்.

"உங்க மேல்முறையீடு வந்துது சேக்கே."

"என்ன செஞ்சே?"

"நான் பார்க்கக் கூடாது. நீங்க எனக்கு அப்பா மாதிரி. அல்மாத்திக்கு அனுப்பிட்டேன்."

அல்மாத்தியில் தள்ளுபடி செய்தார்கள். அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு என் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். அந்தப் பதினோரு பக்கத்தில் ஓட்டை ஒன்றுமில்லை. பாதி நான் எழுதியதாயிற்றே.